தூங்கி எழுந்த பிறகும் 46

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக என் மேல் கேஸ் போட்டபோது காலை மணி ஐந்தரை. முந்தின ராத்திரி பன்னிரண்டரையோடு குடிப்பதை நிறுத்தி, ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, நாலு மணி நேரம் தூங்கியிருந்தேன். எழுந்து பல் துலக்கிக் குளித்துவிட்டு, ரயிலில் வந்திறங்கும் அம்மாவைக் கூட்டிவரக் காரை எடுத்தேன். தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று மனதார நம்பினேன்.

தடுப்பு வைத்து எல்லா வண்டியையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். காவலர் புதுக் குழாயை உறை பிரித்து மாட்டி, “ஊதுங்க சார்” என்றார். ஊதினேன். சின்னத் திரையில் 46 என்று வந்தது.

“நேத்து ராத்திரி குடிச்சது சார்.”

“எப்ப குடிச்சீங்கங்கறது கேஸ் இல்ல சார். இப்ப ரத்தத்துல எவ்வளவு இருக்கு, அதான் கேஸ்.”

அவர் சொன்னது சரி. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். தள்ளாடினீர்களா, நேராக ஓட்டினீர்களா என்ற கேள்வியே இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் நண்பன் “எங்களுக்கு 80” என்றான். இருக்கலாம், நம் சாலையில் 30தான். ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தாலும் தப்பிக்க முடியாது. குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்ய 203-வது பிரிவு இடம் தருகிறது.

கணக்கை அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் உடம்பு கரைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஐந்து மணி நேரத்தில் 75 குறைந்து 46 மிச்சம் என்றால், ராத்திரி 120-ஐத் தொட்டிருக்கிறேன். அதாவது அனுமதித்த அளவைப் போல நாலு மடங்கு. காலை ஆறரைக்கு மேல் கிளம்பியிருந்தால்தான் 30-க்குக் கீழே வந்திருப்பேன். இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கருவியிலிருந்து வந்த துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். லைசென்ஸையும் காரையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மா ஆட்டோ பிடித்து அங்கேயே வந்துவிட்டார். பையைத் தோளிலிருந்து இறக்காமல், என் கையிலிருந்த சீட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். “46-ன்னா என்னப்பா?” என்று கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதுபோல அங்கேயே அபராதம் கட்டி இதை முடிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டேன். 10,000 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது இந்த அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ரசீதைக் காட்டிக் காரை மீட்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது ஆர்டிஓ ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. நேரில் போய்ச் சொன்னேன். மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. அந்த மூன்று மாதமும் வேலைக்குப் பஸ்ஸில்தான். அதன்பின் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்த பிறகே லைசென்ஸ் கைக்கு வந்தது.

இப்போதெல்லாம் ராத்திரி குடிக்கப் போகிறேன் என்றால், கார் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். மறுநாள் மதியம் வரை நான் கேட்டாலும் தர மாட்டாள்.