டிப்ளோமா முடிச்சாச்சு, இனி எப்பிடிப் பழகிறது?

உளவளத்துணை டிப்ளோமா முடிச்சிட்டு வாற தங்கச்சிமார் தம்பிமார் கனபேர் கேக்கிறது ஒரே கேள்விதான், அக்கா அடுத்ததா என்ன கோர்ஸ் செய்யலாம் எண்டு. செய்யுங்கோ, நான் வேண்டாம் எண்டேல்லை. ஆனா ரெண்டு நாள் வேர்க்ஷொப், பவர்பொயின்ற், மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் சேட்டிபிக்கற், குறூப் போட்டோ எல்லாம் முடிஞ்சு திங்கக்கிழமை துணைநாடிக்கு, அதுதான் உதவி கேட்டு வாற ஆளுக்கு, முன்னால போய் இருந்தா வாயில வாறது பழைய கதைதான், "யோசிக்காதேங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்".

வருசம் போகப்போகத் தன்பாட்டில கை தேறும் எண்டும் நம்பேலாது. 2016இல கோல்ட்பேர்க் ஆக்கள் செய்த ஆய்வில 170 தெரபிஸ்ட்மாரைக் கனவருசமாப் பாத்தவை, சராசரியா அனுபவம் கூடக்கூட பலன் கூடேல்லை, மிகக் கொஞ்சமா எண்டாலும் குறைஞ்சுதான் இருந்தது. சிலபேர் முன்னேறினவை, அதையும் சொல்லோணும். அதுக்கு முதல் 2015இல டறில் சோ ஆக்கள் பாத்ததில, நல்ல பலன் எடுக்கிற தெரபிஸ்ட்மார் செஷனுக்கு வெளியில தனிய இருந்து பழக கூட நேரம் குடுத்திருக்கினம். 17 பேரை வைச்சுச் செய்த சின்ன ஆய்வு, அதால அதைத் தலையில தூக்கி வைக்கத் தேவையில்லை, ஆனா வழி அதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

இப்பிடித் தனிய இருந்து, பிழைக்கிற ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பழகிறதைத்தான் டெலிபரேற் பிரக்டிஸ் எண்டுறது. எரிக்சன் எண்ட உளவியலாளர் 1993இல பேர்லின் வயலின் மாணவரை வைச்சு எழுதினதில இருந்து வந்தது. இணுவில் அளவெட்டிப் பக்கம் தவில் பழகிற பெடியளைப் பாருங்கோ, கச்சேரி வாசிச்சுப் பழகிறேல்லை, ஒரு தாளச் சொல்லை எடுத்து அது கையில விழும்வரைக்கும் திருப்பித் திருப்பி அடிப்பினம், குரு பக்கத்தில இருந்து திருத்துவார். நாங்கள் மட்டும் நேர கச்சேரிக்குப் போறம்.

சரி, செய்யிற விதம். இங்க சனம் கதைக்கிற மாதிரி கொஞ்ச வசனம் எழுதி வையுங்கோ. "ஒண்டுமில்லை, நித்திரைதான் வாறேல்லை." "குடிச்சாலும் அவர் நல்ல மனுசன்தான்." "என்ர பிள்ளை வருமோ வராதோ, அதை மட்டும் சொல்லுங்கோ." கூடப் படிச்ச ஒராள் அதை உணர்ச்சியோட சொல்லோணும், நீங்கள் ரெண்டு வசனத்துக்குள்ள மறுமொழி சொல்லோணும், கேள்வி கேக்கேலாது, புத்தி சொல்லேலாது. போனில றெக்கோட் பண்ணிப் போட்டுக் கேளுங்கோ.

அந்தக் கடைசி வசனத்தை எடுப்பம், காணாமல் போன பிள்ளையைத் தேடுற அம்மா கேக்கிறது. "வருவார் அம்மா" எண்டா அது பொய். "மனசைத் தேற்றுங்கோ" எண்டா கதை அதோட சரி. "எத்தினை வருசமாத் தேடுறீங்கள்" எண்டா அவ இவ்வளவு காலமும் ஒவ்வொரு ஒப்பீஸிலயும் சொன்ன விபரத்தைத் திரும்பச் சொல்லத் துவங்கிடுவா. "ஆரிட்டப் போனாலும் இதுக்கு ஒரு மறுமொழி இல்லை, விடவும் ஏலாமல் நம்பவும் ஏலாமல் நிக்கிறீங்கள்" எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடோணும். அந்த வாயை மூடுறதுதான் சரியான கஸ்டம், அதைத் தனியப் பழகுங்கோ, பத்து செக்கன் எவ்வளவு நீளம் எண்டு அப்ப விளங்கும். பிறகு அதே வசனம், வேற சொல்லில, திரும்ப. லேசா வருது எண்டா எதிர்ல இருக்கிறவ கோவத்தோட சொல்லட்டும், கஸ்டமா இருந்தா கொஞ்சம் மெதுவா.

உண்மையா வந்த ஆளின்ர கதையை ரோல் பிளேக்கு எடுக்காதேங்கோ, யாழ்ப்பாணம் சின்ன இடம், ஊரும் தொழிலும் சொன்னாலே ஆரெண்டு பிடிச்சிடுவினம்.

ஆள் எப்பிடி இருக்கிறார், செஷன் எப்பிடிப் போகுது எண்டு துணைநாடியிட்டையே கேக்க ஸ்கொட் மில்லர் எண்ட உளவியலாளர் ஆக்களின்ர ரெண்டு சின்னத் தாள் இருக்கு, ஓஆர்எஸ், எஸ்ஆர்எஸ். ஒவ்வொண்டிலயும் 10 சென்ரிமீற்றர் கோடு நாலு, மொத்தம் 40 புள்ளி. ஓஆர்எஸ், ஆள் இப்ப எப்பிடி இருக்கிறார் எண்டு, செஷன் துவங்கேக்க; எஸ்ஆர்எஸ், செஷன் எப்பிடி இருந்தது எண்டு, முடியேக்க. எங்கட ஆக்கள் ரெண்டாவதில மரியாதைக்கு முழுப் புள்ளியும் போட்டுவிடுவினம், "நல்லாத்தான் சொன்னீங்கள் ரீச்சர்" எண்டு. அதால "இண்டைக்குக் கதைக்கோணும் எண்டு வந்து கதைக்காமல் விட்டது ஏதும் இருக்கோ" எண்டு வாயாலயும் கேளுங்கோ. அதில வாற மறுமொழிதான் அடுத்த கிழமை நீங்கள் பழகவேண்டியது.

காசில்லாமல் கிடைக்கிறதில உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து செய்த ஈக்விப் எண்ட பயிற்சித் தளத்தைப் பாருங்கோ, அதில ஈனாக்ட் எண்டு ரோல் பிளேக்குப் புள்ளி போடுற படிவம் இருக்கு, எது உதவி எது தீங்கு எண்டு பிரிச்சுப் போட்டிருக்கு. பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கட போர்க்கால மனப்பாதிப்புகளைப் பற்றி எழுதினதுகளையும் வாசியுங்கோ, பழகிறதுக்கு வசனம் எழுதேக்க உதவும். சோடி கிடைக்காட்டி மூண்டு நாலு வசனத்தை உங்கட குரலிலயே றெக்கோட் பண்ணி வைச்சு, ஒவ்வொண்டுக்குப் பிறகும் நிப்பாட்டி மறுமொழி சொல்லிப் பாருங்கோ, கிழமைக்கு ஒருக்கா மேற்பார்வையாளருக்கோ ஒரு மூத்த ஆளுக்கோ ஒண்டை மட்டும் வொய்ஸில அனுப்பி எங்க பிழைக்குது எண்டு கேளுங்கோ.