ஆமா, இல்லை: ராமநாதபுரம் கடற்கரையில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சந்தேகங்கள்

ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதி. வெளிநாட்டுப் பயணி வந்து, "டோன்ட் யூ ஹேவ் எ ரூம் ஃபார் டுநைட்?" என்று கேட்கிறார். அறை காலி இல்லை. வரவேற்பில் இருக்கும் தம்பி "யெஸ் சார்" என்கிறார். வந்தவர் நிம்மதியாகப் பையை இறக்கிவைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்.

தம்பி சொன்னது தமிழ்க் கணக்குக்குச் சரி. "ரூம் இல்லையா?" என்று கேட்டால் "ஆமா, இல்லை" என்றுதான் சொல்வோம். நம் 'ஆமா', கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்ளும் சொல். ஆங்கில 'யெஸ்' கேள்வியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. தனக்குப் பின்னால் வரப்போகும் வினையை மட்டும் பார்க்கும். இருக்கிறது என்றால் யெஸ், இல்லை என்றால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் இதுதான். ஆகவே அந்தத் தம்பி சொல்ல வேண்டியது "நோ சார், வி டோன்ட்". அறை இருந்தால் "யெஸ் சார், வி டு". அந்த இரண்டு சொல் வாலை ஒட்டிச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், யெஸ் நோ தடுமாறினாலும் வால் காப்பாற்றிவிடும்.

இதே வகையில் இன்னொன்று: "டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" இங்கே 'மைண்ட்' என்பது ஆட்சேபம். உட்காரட்டும் என்றால் "நோ, நாட் அட் ஆல்". 'யெஸ்' என்றால் உட்காராதே என்று பொருள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பங்கு இப்படித் தமிழ் ஒழுங்காக வேலை செய்வதால் வருபவை. அதனால் அவற்றைத் திருத்தவும் தமிழே கைகொடுக்கும். "ஐ ஆம் ஹேவிங் டூ போட்ஸ்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹேவ்', 'நோ', 'அண்டர்ஸ்டாண்ட்', 'லைக்', 'வாண்ட்', 'நீட்' என்று ஐஎன்ஜி சேராத வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேவையில்லை. அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்கு ரெண்டு வல்லம் இருக்கு. எனக்குத் தெரியும். எனக்குப் புரியுது. எனக்குப் பிடிக்கும். எனக்கு வேணும். எனக்கு ஞாபகம் இருக்கு. தமிழில் 'எனக்கு' என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஐஎன்ஜி வராது. "ஐ ஹேவ் டூ போட்ஸ்", "ஐ அண்டர்ஸ்டாண்ட்". அப்படியானால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" எப்படிச் சரி? தமிழில் அது 'நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்'. 'நான்' வந்துவிட்டது, ஐஎன்ஜியும் வரலாம்.

அதிகம் வரும் கேள்வி சின்ஸா, ஃபாரா என்பது. இதற்கும் தமிழ் உருபு போதும். 'லிருந்து' என்றால் சின்ஸ், 'ஆக' என்றால் ஃபார். 1964லிருந்து: "சின்ஸ் 1964". அறுபது வருஷமாக: "ஃபார் சிக்ஸ்டி இயர்ஸ்". "சின்ஸ் சிக்ஸ்டி இயர்ஸ்" கிடையாது.

சொல் சரியாக அமைந்த பிறகு வினையில்தான் சிக்கல். தனுஷ்கோடியைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிக்கு மூன்று வாக்கியம் வேண்டியிருக்கும். முதலாவது: 1964 டிசம்பரில் புயல் ஊரை அழித்தது. "எ சைக்ளோன் டிஸ்ட்ராய்ட் தனுஷ்கோடி இன் டிசம்பர் 1964." ஆண்டோ தேதியோ சொல்லிவிட்டால் வெறும் இறந்தகாலம்தான், 'ஹேஸ் டிஸ்ட்ராய்ட்' என்று போடக் கூடாது. இரண்டாவது: அதிலிருந்து அங்கே ரயில் ஓடுவதில்லை. தமிழ் இங்கே நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது, அதனால் "ட்ரெயின்ஸ் ஆர் நாட் ரன்னிங் சின்ஸ் 1964" என்று வாயில் வருகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீளும் செய்திக்கு ஆங்கிலம் 'ஹேவ்' கேட்கும்: "ட்ரெயின்ஸ் ஹேவ் நாட் ரன் டு தனுஷ்கோடி சின்ஸ் 1964." மூன்றாவது, இன்றைய நிலை மட்டும்: "யூ கேன் கோ தேர் பை ரோட் நவ்." இந்த மூன்றையும் வரிசையாக நாலு நாள் சொல்லிப் பழகினால் காலம் தானாகப் படிந்துவிடும்.

வளைகுடா வேலைக்கு நேர்காணல் போகும் கீழக்கரை, தொண்டிப் பிள்ளைகளுக்கு இதே விஷயம் சோற்றுப் பிரச்சினை. "ஐ வொர்க்ட் இன் துபாய் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால் அந்த வேலை முடிந்துவிட்டது. "ஐ ஹேவ் வொர்க்ட் இன் துபாய் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால் பெரும்பாலும் இப்போதும் அங்கே வேலையில் இருப்பதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார். "ஐ ஆம் வொர்க்கிங் இன் துபாய் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்பதில் இரண்டு தவறு. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

பையா, அன்டிலா? மீன்பிடித் தடைக்காலம் இதற்கு நல்ல பாடம். நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. 'வரை' என்றால் அன்டில்: "வி கான்ட் கோ டு சீ அன்டில் ஜூன் 14." அதற்குள் எஞ்சின் வேலையை முடிக்க வேண்டும். 'க்குள்' என்றால் பை: "வி மஸ்ட் ரிப்பேர் தி எஞ்சின் பை ஜூன் 14." நீண்டுகொண்டே இருப்பதற்கு அன்டில், கெடுவுக்குள் ஒருமுறை முடிவதற்குப் பை. "ரிப்பேர் அன்டில் ஜூன் 14" என்று மெக்கானிக்கிடம் சொன்னால், அதுவரை ரிப்பேர் பார்த்துக்கொண்டே இரு என்றாகிவிடும். இன்னொரு நுணுக்கம்: 14ஆம் தேதி தடைக்குள்ளேயா, வெளியேயா என்று 'அன்டில்' தெளிவாகச் சொல்லாது. ஏப்ரலில் 16, மே 31, ஜூனில் 14, மொத்தம் 61 நாள். 14ஐயும் சேர்த்தால்தான் இந்தக் கணக்கு வரும். எழுத்தில் கொடுக்கும்போது "ஃப்ரம் ஏப்ரல் 15 டு ஜூன் 14, போத் டேஸ் இன்க்ளூசிவ்" என்று எழுதுவது பாதுகாப்பு.

ரைஸ், ரெய்ஸ் குழப்பம் தமிழனுக்கு வரவே கூடாத ஒன்று. ஏறு, ஏற்று, ஓடு, ஓட்டு, இறங்கு, இறக்கு, கிட, கிடத்து என்று தன்வினை பிறவினை நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் சிலவே உண்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பல் போகும்போது 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. அது தானாக ஏறுவதாகச் சொன்னால் "தி ஸ்பான் ரைஸஸ்". ஊழியர்கள் ஏற்றுவதாகச் சொன்னால் "தே ரெய்ஸ் தி ஸ்பான்". அடுத்த ஜோடி லை, லே. வலை மணலில் கிடக்கிறது: "தி நெட் இஸ் லையிங் ஆன் தி சாண்ட்." வலையை மணலில் கிடத்துகிறோம்: "வி ஆர் லேயிங் தி நெட் ஆன் தி சாண்ட்." பொறி எங்கே என்றால், 'லை'யின் இறந்தகாலம் 'லே'. நேற்று கிடந்தது என்பதற்கு "தி நெட் லே ஆன் தி சாண்ட்", நேற்று கிடத்தினோம் என்பதற்கு "வி லெய்ட் தி நெட்". படித்த ஆங்கிலேயர்களே இதில் தடுக்கி விழுவதுண்டு. தவறினால் கூச்சப்படாமல் திருத்திக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயருக்கு முன்னால் 'தி' வருமா? ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம் எதற்கும் வராது. தனித் தீவுக்கும் வராது: பாம்பன் ஐலண்ட், குருசடை ஐலண்ட். பெயருக்குள் 'ஆஃப்' இருந்தால் வரும்: தி கல்ஃப் ஆஃப் மன்னார், தி பே ஆஃப் பெங்கால். பெருங்கடலுக்கும் நீரிணைக்கும் வரும்: தி இந்தியன் ஓஷன், தி பாக் ஸ்ட்ரெய்ட். தீவுக் கூட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் பன்மையாக இருந்தால் வரும், ஆகவே தி மால்டீவ்ஸ், ஸ்ரீலங்காவுக்கு வராது. துபாய், குவைத், சவுதிக்கு வராது, ஆனால் தி யூஏஇ. "மை பிரதர் இஸ் இன் கல்ஃப்" என்பதில் 'தி' விடுபட்டிருக்கிறது: "இன் தி கல்ஃப்".

அண்ணன் தொழிலுக்குப் போயிருக்கும்போது "மை பிரதர் இஸ் இன் தி சீ" என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கிறார் என்று கேட்பவர் பதறுவார். கடலில் தொழிலில் இருப்பதற்கு "அட் சீ", 'தி' இல்லாமல். படகைப் பொறுத்தவரை, குனிந்து உட்காரும் சிறிய வல்லத்துக்கு 'இன்', எழுந்து நடமாடும் தளம் உள்ள விசைப்படகுக்கும் கப்பலுக்கும் 'ஆன்'. பஸ், ரயிலுக்கு 'ஆன்', கார், ஆட்டோவுக்கு 'இன்' என்பதும் இதே கணக்குத்தான். நாம் கொடுத்த கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. ஆகவே பயணிகளிடம் அந்தச் சொல்லை மட்டும் சொல்லி நிறுத்தாமல், மரத்தைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்று விளக்கிவிடுங்கள்.

சின்னச் சின்னவை: 'டுடே மார்னிங்' இல்லை, 'திஸ் மார்னிங்'. 'யெஸ்டர்டே நைட்' என்பதைவிட 'லாஸ்ட் நைட்' இயல்பு. 'ஸ்மால் ஸ்மால் ஐலண்ட்ஸ்' என்று இரட்டிக்க வேண்டாம், 'மெனி ஸ்மால் ஐலண்ட்ஸ்' போதும். லக்கேஜுக்குப் பன்மை இல்லை, 'டூ பேக்ஸ்' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

'எத்தனையாவது' என்ற சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல் கிடையாது. அப்துல் கலாம் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர் என்று ராமேஸ்வரத்துப் பிள்ளை கேட்க நினைத்தால், ஒரே மூச்சில் கேட்க வழி இல்லை. "கலாம் வாஸ் தி இலெவன்த் பிரசிடென்ட், வாஸின்ட் ஹி?" என்று விடையை உள்ளே வைத்துக் கேட்கலாம். விடை தெரியாதபோது, "வேர் டஸ் கலாம் கம் இன் தி லிஸ்ட் ஆஃப் பிரசிடென்ட்ஸ்?" என்று சுற்றித்தான் வர வேண்டும். தமிழில் ஒரு சொல் இருக்கிறதே என்று ஆங்கிலத்திலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. 'கோஸ்ட்' என்று தமிழில் எழுதினால் அது கடற்கரையா, பேயா? இரண்டுக்கும் ஒரே எழுத்து. கடற்கரைக்கான சொல்லின் முதல் ஒலியில் காற்று குப்பென்று வெளியே வர வேண்டும். நம் 'க'வில் அந்தக் காற்று இல்லாததால் ஆங்கிலக் காதுக்குப் பேய் என்றே விழக்கூடும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, காசு கொடுப்பதற்கான 'பே', விரிகுடாவுக்கான 'பே' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் காகிதம் ஆட வேண்டும், இரண்டாவதில் ஏறக்குறைய அசையக் கூடாது. 'ப'வில் பிடிபட்டால் 'க', 'ட' இரண்டிலும் அதே காற்றைக் கொண்டுவரலாம்.

கடைசியாக, ஆங்கிலத்தில் குறையாக இருக்கும் ஓர் இடம். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. அவர்களுக்கு இரண்டுமே 'வி'. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி காட்டுபவர், நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவோம், அதற்குப் பிறகு ஆள் இருக்காது என்ற பொருளில் "வி லீவ் அட் ஃபைவ்" என்கிறார். பயணியோ, தன்னையும் சேர்த்து ஐந்து மணிக்குச் சவாரி என்று நினைத்துக்கொண்டு நாலேமுக்காலுக்கு வந்து நிற்கிறார். 'நாங்கள்' என்றால் ஆளைப் பெயரிட்டுச் சொல்லுங்கள்: "தி போட்மென் கோ ஹோம் அட் ஃபைவ்." 'நாம்' என்றால் கேட்பவரை வெளிப்படையாகச் சேருங்கள்: "யூ அண்ட் ஐ வில் லீவ் அட் ஃபைவ்", கூட்டமாக இருந்தால் "ஆல் ஆஃப் அஸ் டுகெதர்".