சொந்த ஊர் எது?

குன்னூரில் குடியேறிய இந்த 22 ஆண்டுகளில் ‘உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?’ என்று என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. முடிதிருத்தும் கடையிலும், மேட்டுப்பாளையம் பேருந்தில் பக்கத்து இருக்கையிலும், புதிதாக மாறுதலாகி வந்த அலுவலக நண்பரும் கேட்டிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை; மலையில் மழையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு பேச்சை நீட்டிக்க அதைவிட எளிய வழி கிடையாது. ஆளைப் பார்த்து ‘பந்தலூர் பக்கம்’ என்பேன், ‘பூர்வீகம் திருச்சி’ என்பேன், ‘எல்லாம் இந்த மலைதாங்க’ என்று சிரித்தும் வைப்பேன். மூன்றில் எதுவும் பொய்யில்லை. ‘பேரைக் கேட்டா டக்குனு சொல்றீங்க, ஊரைக் கேட்டா மட்டும் எச்சிலை முழுங்கிட்டுச் சொல்றீங்களே, ஏங்க?’ என்று என் மனைவி ஒருநாள் கேட்கும்வரை, பதிலுக்கு முன் நான் விடும் அந்தச் சிறு இடைவெளியை நானே கவனித்ததில்லை.

அப்படிப்பட்ட இடைவெளியை அளப்பதற்கென்றே ஒருவர் கையில் நிறுத்து கடிகாரத்துடன் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த கார்ல் யுங், நூறு சொற்கள் கொண்ட பட்டியலை ஒவ்வொன்றாகப் படிப்பார். எதிரில் இருப்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லை உடனே சொல்ல வேண்டும். பெரும்பாலான சொற்களுக்குப் பதில் தடையின்றி வரும். ஏதோ ஒரு சொல்லுக்கு மட்டும் நேரம் பிடிக்கும், அல்லது கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார், காரணமில்லாமல் சிரிப்பார், இரண்டாம் முறை கேட்கும்போது முதலில் சொன்ன பதிலை மறந்திருப்பார். அந்தச் சொல்லுக்கு அடியில் உணர்ச்சி ஏறிய நினைவுகளின் முடிச்சு ஒன்று கிடக்கிறது என்பது யுங்கின் முடிவு. அதைத்தான் அவர் காம்ப்ளெக்ஸ் என்றார். தமிழில் ‘சிக்கல்’ என்று சொல்வது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. சிக்கு விழுந்த நூலில் ஒரு நுனியை மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பது கம்பளி பின்னும் எவருக்கும் தெரியும்.

என் முடிச்சின் நுனி 1964இல் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தது. இந்தியாவின் பங்கில் விழுந்த என் பெற்றோர் 1971இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, தாயகம் திரும்பியோருக்காக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர, நீலகிரியில் பந்தலூர் பக்கத்துச் சேரம்பாடிக்கு வந்தார்கள். நான் அங்கே, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்தவன். பிறப்பாலும் சட்டப்படியும் இந்தியன். பள்ளியில் ‘சிலோன்காரன்’, கோபம் வந்தால் ‘அகதி’. ஊட்டிக் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரத்திலேயே என் பேச்சிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டிய சொற்களைப் பொறுக்கி எடுத்துவிட்டேன். அவற்றில் முதலாவது, தேநீருக்கு எங்கள் வீட்டில் சொல்லும் ‘தேத்தண்ணி’.

அந்தச் சொல் திரும்பி வந்த நாளை நான் எழுதித்தான் ஆக வேண்டும். மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடன் படித்த சிறுமியும் அவளுடைய பெற்றோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், கோத்தகிரிப் பக்கம் சொந்தத் தோட்டம் உள்ளவர்கள். அம்மா அப்போது எங்களுடன் இருந்தார். உள்ளிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து, அந்தச் சிறுமியின் கன்னத்தைத் தொட்டு, ‘தேத்தண்ணி குடிக்கிறியா புள்ள?’ என்று கேட்டார். சிறுமிக்குப் புரியவில்லை, தன் அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் எழுந்துபோய், சமையலறை வாசலில் நின்று, ‘எத்தனை தடவ சொல்லியிருக்கேன், வந்தவங்ககிட்ட ஒழுங்காப் பேசும்மான்னு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மெதுவாகச் சொன்னதாக நினைத்தேன். கூடத்தில் பேச்சு நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வடிகட்டியைத் தட்டித் தேயிலைச் சக்கையைக் கொட்டினார், ஆறு டம்ளர்களையும் தட்டில் வரிசையாக வைத்தார், தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளேயே இருந்துகொண்டார். விருந்தாளிகள் முகத்தில் ஏளனம் இருந்ததா என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. என்னைக் கேலி செய்த விடுதி அறைதான் அந்தக் கூடத்தில் எனக்குத் தெரிந்திருக்கிறது.

தாழ்வு மனப்பான்மை என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை உலகெங்கும் பரப்பிய வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர், 1870இல் பிறந்து, சிறுவயதில் எலும்புகளை வலுவிழக்கச் செய்யும் ரிக்கெட்ஸ் நோயால் அவதிப்பட்டவர். நிமோனியா கண்டு பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்டவரும்கூட. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டின் வட்டத்தில் சில ஆண்டுகள் இருந்து 1911இல் பிரிந்தார். பெரியவர்கள் நடுவே சிறியதாகவும் வலுவற்றதாகவும் வளரும் எந்தக் குழந்தைக்கும் தாழ்வுணர்ச்சி இயல்பு, மேலே வரும் முயற்சிக்கே அது உந்துதல் என்பது அவர் கருத்து. அது ஒருவரை முடக்கிப் போடும்போதுதான் சிக்கலாகிறது. உயர்வு மனப்பான்மையைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார்: தாழ்வு மனப்பான்மைக்கு அது எதிர்ப்பதம் அன்று, அதன்மேல் போர்த்திய போர்வை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. கல்யாண மண்டப வாசலில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பவர் ‘ஊரு, பேரு சொல்லுங்க’ என்பார். ஊர்தான் முதலில். அங்கே எச்சிலை விழுங்கிய நான், என் அலுவலகத்தில் எல்லோரும் 501 எழுதும் கல்யாணத்தில் 2,001 எழுதிவிட்டு நிமிர்ந்து நடப்பேன். மாதக் கடைசியில் என் மனைவி பால்காரருக்கு யோசித்து யோசித்துக் கொடுக்கும் பணம் அது.

கணவன் மனைவிக்குள் இதனால் வந்த சண்டைகளுக்கு ஒரே அச்சுதான். ‘ரெண்டு கடையில விலை கேட்டிருக்கலாமேங்க’ என்று அவள் சொன்னால், ‘உனக்கு வாங்கத் தெரியாது’ என்று என் காதில் விழும். ‘எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க’ என்றால், ‘உன் பக்கம் ஆளில்லை’ என்று விழும். அவள் சொன்னதற்கு இல்லாமல், என் காதில் விழுந்ததற்கே நான் பதில் சொல்வேன். சொல்லாத ஒன்றுக்குத் திட்டு வாங்கியவள் என்னதான் செய்வாள்? நாளடைவில் எதைச் சொல்வதற்கு முன்பும் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அவளுக்கும் ஒரு முடிச்சு உண்டு. தம்பி தங்கைகளை வளர்த்த மூத்த மகள். யாரிடமும் உதவி கேட்கமாட்டாள், எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். அதை எழுதும் உரிமை அவளுடையது.

தாய்மீது பற்றும் தந்தையோடு போட்டியும் கொள்ளும் ஈடிபஸ் சிக்கல் முதல், கெட்டுப்போனவனைத் திருத்திக் காட்டுகிறேன் என்று கட்டிக்கொள்ளும் மீட்பர் மனப்பான்மை வரை, இப்போது பெயர்களுக்குக் குறைவில்லை. அம்மா பேச்சைத் தட்டாத மகனையெல்லாம் ஈடிபஸ் என்பது அபத்தம். ஃபிராய்டு பேசியது மிகச் சிறு வயதுக் குழந்தையின் மனத்தை. தாழ்வு மனப்பான்மை என்ற பெயரில் ஒரு நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலும் கிடையாது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் கிடையாது. ‘அவனுக்கு காம்ப்ளெக்ஸ்’ என்று அடுத்தவர் மீது முத்திரை குத்தத்தான் அந்தச் சொல் நம் ஊரில் அதிகம் பயன்படுகிறது. நானும் என் மேலாளரைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதிய பெண், ‘பாட்டி, எந்த ஊரு?’ என்றார். ‘மஸ்கெலியா’ என்றார் அம்மா, கேள்வி முடிவதற்குள். அந்தப் பெண் விழித்ததும், ‘சிலோன்ல இருக்கு தாயி. இப்ப சேரம்பாடி’ என்று தானே சேர்த்துச் சொன்னார். எந்தக் கடிகாரமும் பிடிக்க முடியாத வேகம் அது. பேருந்தில் திரும்பும்போது, அன்றைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். ‘எது தம்பி?’ என்றார். மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா என்பது தெரியவில்லை.

முந்தாநாள் இரவு கோவையிலிருந்து மகள் அழைத்தாள். ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ‘சொந்த ஊர்னு கேட்டிருக்குப்பா, என்ன போடறது?’ என்றாள். நான் அலைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினேன்.

‘அப்பா? லைன்ல இருக்கீங்களா?’

‘இருக்கேம்மா’ என்றேன்.