நாற்பது கவுண்ட் இறாலும் அறுபத்தொரு நாள் தடையும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. மொத்தம் எத்தனை நாள்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிலேயே பலர் 60 என்பார்கள். ஏப்ரலுக்கு 30-ல் 15 போக 15, மே மாதம் 31, ஜூனில் 14, கூட்டினால் 60. ஆனால் பாம்பனில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுக்கு 61 நாள். ஏப்ரல் 15-ம் தடைநாள்தானே, கழித்தபோது அது விழுந்துபோனது. முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்தி என்றால் கழித்த பிறகு ஒன்று கூட்ட வேண்டும். நடுவில் வரும் இரவுகளை எண்ணினால் மட்டும் 60. படகுக் காவலுக்கு ஆள் பேசும்போது பகல் கணக்கா ராத்திரிக் கணக்கா என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. 2017-ல் 61 ஆக்குவதற்கு முன்பு தடை 45 நாள். ஏப்ரலில் 16, மே 29 வரை 29, சரியாக வருகிறதா பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். 31 நாள் மாதத்தில் எத்தனை தொழில்நாள்? முழு வாரம் நான்கு, அதில் 12 நாள். மிச்சம் அடுத்தடுத்த மூன்று நாள். அதில் குறைந்தது ஒரு தொழில்நாள் வந்தே தீரும், ஏனென்றால் தொழில் இல்லாத நாள் தொடர்ந்து வருவது அதிகபட்சம் இரண்டு (வியாழன், வெள்ளி). மூன்றுமே தொழில்நாளாகவும் வராது. ஆக 13 அல்லது 14. நாட்காட்டியைப் புரட்டவே வேண்டாம்.

இனி இறால். கவுண்ட் என்றால் ஒரு கிலோவில் நிற்கும் எண்ணிக்கை. 40 கவுண்ட் என்றால் ஒன்று 25 கிராம். எண் கூடினால் இறால் சிறிசு, விலை குறைவு. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதுவே முதலில் தலைகீழாகத் தெரியும். 20 கவுண்டும் 40 கவுண்டும் கலந்தால் என்ன கவுண்ட்? உடனே 30 என்று வாய் சொல்லும். இரண்டும் பத்துப் பத்துக் கிலோ என்றால் அது சரி: 200 இறால், 400 இறால், 20 கிலோவில் 600. ஆனால் இரண்டிலும் 400 இறால் என்று எண்ணிப் போட்டிருந்தால் எடை 20 கிலோவும் 10 கிலோவும். 30 கிலோவில் 800, அதாவது 27-க்குச் சற்றுக் குறைவு. கவுண்டுக்குச் சராசரி எடுக்கிறபோது எடையை வைத்துத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் கவுண்டில் வகுக்கும் எண் கிலோ.

எண்ணிப் பார்க்கிற விதத்திலும் ஏமாற்றம் உண்டு. கால் கிலோ நிறுத்து 10 இறால் நின்றால் 40 கவுண்ட். ஒன்றே ஒன்று கூடுதலாக விழுந்து 11 ஆனால் 44. 30–40 ஒரு விலை, 40–50 வேறு விலை என்று பேசியிருந்தால், அந்த ஒரே இறால் மொத்தப் பெட்டியின் விலையையே மாற்றிவிடும். ஒரு முழுக் கிலோ எண்ணினால் ஓர் இறாலுக்கு ஒரு கவுண்ட்தான் நகரும். மேலாக அள்ளாமல் பெட்டியின் அடியிலிருந்தும் அள்ளி எண்ணுங்கள். பெரிசு மேலே இருப்பது எப்போதும் தற்செயல் இல்லை.

தலை நீக்கியதும் கவுண்ட் மாறும். தலை எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 25 கிராம் இறால் 16.67 கிராம் ஆகும்; 40 கவுண்ட் 60 கவுண்டாகிவிடும். ஏற்றுமதிச் சரக்கில் தலை நீக்கியதைப் பவுண்டுக்கு எத்தனை என்றும் சொல்வார்கள். ஒரு பவுண்ட் 0.4536 கிலோ, 60-ஐப் பெருக்கினால் 27 சொச்சம், ஆகவே 26/30 ரகம், அதாவது பவுண்டுக்கு 26 முதல் 30 வரை. 40, 60, 27 மூன்றும் ஒரே இறால்தான்!

கருவாட்டில்தான் பெரிய தப்பு நடக்கும். பச்சை நெத்திலி 100 கிலோ, அதில் 75 சதவீதம் ஈரம். காயவைத்து ஈரம் 25 சதவீதம் ஆனால் எத்தனை கிலோ நிற்கும்? 75-ல் 25 போக 50 குறைந்தது, ஆகவே 50 கிலோ என்பது தப்பு. மாறாமல் இருப்பது மீனின் சதை, 25 கிலோ. காய்ந்த பிறகு அந்த 25 கிலோதான் மொத்தத்தில் 75 சதவீதம். 25-ஐ 0.75-ஆல் வகுத்தால் 33 கிலோ 300 கிராம் சொச்சம். பச்சை கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 6000 ரூபாய் முதல். கருவாட்டில் கிலோவுக்கு 180 வந்தால்தான் முதலே திரும்பும், உப்பும் கூலியும் தனி. 50 கிலோ என்று நம்பி 120-க்கு விலை பேசியவர் கதி என்ன ஆகும்! அரைகுறையாகக் காய்ந்து ஈரம் 35 சதவீதத்தில் நின்றால் எடை 38 கிலோவைத் தாண்டும். அந்த ஐந்து கிலோ தண்ணீருக்கும் காசு கொடுப்பவர் வாங்குகிறவர், பூஞ்சை பிடித்தால் நட்டமும் அவருக்கே.

குலுக்கல் சீட்டில் 20 பேர். முதல் மாதம் விழாவிட்டால் இரண்டாம் மாதம் வாய்ப்பு 19-ல் ஒன்று என்பது சரி. ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் விழும் வாய்ப்பு என்ன என்று கேட்டால் 1/20, 1/19, 1/18 மூன்றையும் கூட்டக் கூடாது. 19-ல் ஒன்று என்பது முதல் மாதம் விழாதவருக்கு மட்டும். அதை 19/20-ஆல் பெருக்கினால் மறுபடி 1/20தான். ஆக 3/20.

கடைசியாகக் காற்று. எந்தத் தொழில்நாளும் காற்றால் கெடும் வாய்ப்பு 5-ல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாளும் கெடும் வாய்ப்பு என்ன? பாடப்புத்தக விடை 1/125. ஒரு நாள் கெட்டதற்கும் அடுத்த நாள் கெடுவதற்கும் தொடர்பே இல்லை என்றால்தான் அப்படிப் பெருக்கலாம். வாடைக் காலத்தில் காற்று எழுந்தால் ஒரே நாளில் அடங்காது, புயல் எச்சரிக்கையும் பல நாள் நீளும். காற்று வந்தால் வாரம் முழுக்கக் கெடும் என்று வைத்துக்கொண்டால் விடை நேராக 1/5. சரியான விடை 1/125-க்கும் 1/5-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். கார்த்திகை மாதமென்றால் 1/5 பக்கமே சாயும்.