சலங்கைப் பட்டை: மார்கழிக் குறிப்புகள்

டிசம்பர் 18, 2024

காலையில் அப்பாவின் செருப்புத் தைக்கும் கடைக்குச் சூரியூரிலிருந்து ஒரு மாட்டுக்காரர் வந்தார். கடை என்றால் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு குடை, ஒரு மரப்பெட்டி, ஒரு பழைய சிங்கர் 29கே மிஷின். கையிலிருந்த பையைத் திறந்து ஆறு கயிறுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு, முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு கலர் துணித்துண்டு. முடிச்சு வரைக்கும் கழுத்தின் சுற்றளவு, துணி எந்த மாடு என்பதற்கு. நான்கு காளை, இரண்டு பசு. போகிக்குள் ஆறு சலங்கைப் பட்டை வேண்டுமாம்.

"போன வருஷம் வாங்கினது பிளாஸ்டிக் மாதிரி இருந்துச்சுண்ணே. வெள்ளையன் கழுத்தெல்லாம் சாயம் ஒட்டிக்கிச்சு, முடியும் கொட்டிருச்சு" என்றார். அப்பா கயிறுகளை வாங்கிக்கொண்டு என்னைக் கை காட்டினார். "பாப்பா செஞ்சு தரும். நான் பக்கத்துல இருப்பேன்."

இதுவரை நான் செய்ததெல்லாம் பர்ஸ், தோள்பை, லேப்டாப் உறை. மாட்டுக்குச் செய்வது இதுதான் முதல் தடவை. பை பிய்ந்தால் திருப்பிக் கொண்டுவந்து தருவார்கள். மாட்டுக்கு உறுத்தினால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

டிசம்பர் 20

தோல் வாங்க அப்பாவும் நானும் செம்பட்டு போனோம். தோல் பதனிடுகிற இடம். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கம்தான், டவுன் பஸ்ஸில் போய்விடலாம். இறங்கியதும் மரப்பட்டை ஊறிய வாசம் வரும். எனக்கு அது பிடிக்கும். மழைக்குப் பிறகு மரத்தடியில் நிற்பது போல இருக்கும்.

இங்கே பதனிடுவதை இ.ஐ. தோல் என்பார்கள். ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். கம்பெனிக் காலத்திலிருந்து மதராஸ் வழியாகக் கப்பலேறிய பாதிப் பதனிட்ட தோலுக்கு வந்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. அசல் முறை ஆவாரம்பட்டை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்து போகும், அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். ஆவாரை போதாமல் போனதால் பெரும்பாலும் வாட்டில் என்கிற மரத்தின் பட்டைக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் கடுக்காய் இன்னும் இருக்கிறது.

அங்கிருந்த பாய் பத்துப் பன்னிரண்டு மாட்டுத் தோலை விரித்துப் போட்டார். எனக்கு நிறமும் மினுமினுப்பும்தான் முதலில் கண்ணில் படும். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை நறுக்கி, வெட்டு வாயை வெளிச்சத்தில் பிடித்தார். மேலிருந்து கீழ் வரை ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறிய கோடு ஓடினால் பட்டைச் சாறு உள்ளே இறங்கவில்லை, நடுத்தோல் இன்னும் பச்சையாகவே இருக்கிறது என்று அர்த்தம். நாளாக ஆக அந்த இடம் விறைத்து வெடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் அள்ளி வந்த தோலில் இந்தக் கோடு இருந்தது. அப்போது எனக்கு அது தெரியாது. அதில் செய்த ஏழு பெல்ட்டும் ஓட்டை போட்ட இடத்திலேயே வெடித்துத் திரும்பி வந்தன. ஏழு பேருக்கும் பணத்தைக் கொடுத்தேன்.

அடுத்து, மேல்பக்கம் உள்ளே போகிற மாதிரி தோலை மடித்துப் பார்த்தார். நெருக்கமாக, மயிரிழை போல மெல்லிய சுருக்கம் விழுந்தால் நல்ல தோல். கொப்பளித்தது போலப் பெரிய பெரிய மடிப்பு விழுந்தால் மேல்தோல் உள்தோலோடு ஒட்டவில்லை, தளர்ந்திருக்கிறது. ஒரே தோலில்கூட முதுகில் ஒரு மாதிரி, வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும். "வயித்துத் தோல்ல வார் வெட்டினா பத்து நாள்ல இழுத்துக்கிட்டுத் தொங்கிரும். முதுகெலும்பு ஓடுற திசையிலதான் வெட்டணும்" என்றார் அப்பா. பாய் சிரித்தார். "உங்கப்பா வந்தா எனக்கு வயித்துப் பக்கம் மட்டும்தான்மா மிஞ்சும்."

மூன்றரை மி.மீ. கனத்தில் இரண்டு முதுகுத் துண்டு எடுத்தோம். கழுத்தில் படுகிற உள்பக்கத்துக்குச் சாயம் போடாத ஆட்டுத் தோல், ஒரு மி.மீ. கனம். வெள்ளையனுக்காகத்தான் சாயம் வேண்டாம் என்று நான் சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

டிசம்பர் 21

வெட்டி முடித்தேன். அகலம் மூன்று அங்குலம். நீளம் கயிற்றுப்படி, கூடவே பக்கிளுக்கும் துளைக்கும் எட்டு அங்குலம். ஓரங்களைச் சீவி மெலிதாக்கினேன். இன்றைக்கு வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 24

இன்று முழுக்க மிஷினோடுதான்.

என்னுடையது ஜூகி 1541. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஊசி, மேல் ஃபூட், கீழ்ப் பல் மூன்றும் சேர்ந்து தோலை நகர்த்தும். சாதாரணத் துணி மிஷினில் கீழ்ப் பல் மட்டும் இழுப்பதால் மேலடுக்கு பின்தங்கி ஓரம் கோணிக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லை கிடையாது. வாங்கியவுடன் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் போட்டேன். நான் செய்த நல்ல செலவு அது. ஊசி ஒவ்வொரு குத்தாக இறங்குகிற வேகத்துக்குக் குறைக்க முடியும். துணியில் தவறாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் போட்ட ஓட்டை மூடாது.

டெக்ஸ் 135 நைலான் நூல், 140 எண் ஊசி. அந்த எண்ணை நூறால் வகுத்தால் ஊசியின் கனம் மி.மீ. கணக்கில் வரும், அதாவது 1.4 மி.மீ. நுனி தோலுக்கான வெட்டு நுனி. துணி தைக்கிற ஊசியின் உருண்டை நுனி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் விலக இழை ஏது? வெட்டித்தான் போக வேண்டும். இரண்டு அடுக்கும் சேர்ந்து நாலரை மி.மீ. அதெல்லாம் இந்த மிஷினுக்கு ஒரு பொருட்டே இல்லை.

மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது. திருப்பினேன். ஆட்டுத் தோலில் கீழ்ப் பல்லின் தடம் ஏணி மாதிரி வரிசையாகப் பதிந்திருந்தது. நூலின் முடிச்சும் நடுக்கனத்துக்குள் மறையாமல் கீழே துருத்திக்கொண்டு நின்றது. மேல் டென்ஷனை ஏற்றினேன், முடிச்சு உள்ளே போனது. ஃபூட் அழுத்தத்தைக் குறைத்தேன், தடம் மங்கியது, போகவில்லை. கழுத்தில் உரசப் போகிற பக்கம் அது.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்துவிட்டு என் துண்டின் ஓரத்தில் ஒரே ஒரு தையலை பிளேடால் அறுத்தார். மேல்நூலைப் பிடித்து இழுத்தார். நாலைந்து தையல் சரசரவென்று வந்துவிட்டது. பிறகு தன் பெட்டியிலிருந்து கையால் தைத்த பழைய வார் ஒன்றை எடுத்து அதிலும் ஒரு தையலை அறுத்தார். இழுத்துப் பார் என்று என்னிடம் நீட்டினார். அசையவில்லை.

மிஷினில் மேல்நூல் மேலேயே ஓடும், கீழ்நூல் கீழேயே ஓடும், நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிப்பு இல்லை. இரட்டை ஊசிக் கைத்தையலில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு நூலும் எதிரெதிராக நுழைந்து பக்கம் மாறும். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று முழுத் தோலையும் பிடித்துக்கொண்டிருக்கும். இதை நான் படித்திருக்கிறேன், எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். கையில் இழுத்துப் பார்த்தது இன்றுதான்.

ஆறு பட்டையும் கையால்தான்.

டிசம்பர் 27

விரலெல்லாம் வலி. ஒரு பட்டை முடிந்தது.

தைக்க வேண்டிய நீளத்தைப் போல நாலு மடங்கு நூல். மூன்று இழைகளைத் தொடையில் வைத்து முறுக்கி, தேன்மெழுகில் இழுக்க வேண்டும். மெழுகு ஏறிய நூல் துளைக்குள் போய் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும், வேர்வை உள்ளே இறங்காது. அப்பா செருப்புக்குக் கொக்கி ஊசிதான் எடுப்பார், வேகம் வேண்டுமே. வாருக்கு மட்டும் குத்தூசியும் இரண்டு ஊசியும்.

குத்தூசியைச் சாய்க்காமல் இறக்குவதுதான் கஷ்டம். முன்பக்கம் கோடு பிசகாமல் இருக்கும், பின்பக்கம் பார்த்தால் குடிகாரன் நடந்த வழி. அப்பா அதட்டவில்லை. என் முழங்கையைத் தொட்டு விலாவோடு ஒட்ட வைத்தார், அவ்வளவுதான். அடுத்த இருபது துளை நேராக வந்தது.

டிசம்பர் 30

சலங்கை கோர்க்க ரிவெட் போட்டேன். பித்தளை ரிவெட் எட்டு குறைந்தது. வீட்டிலிருந்த இரும்பு ரிவெட்டை இரண்டாவது பட்டையில் அடித்து, ஓரத்தை ஈரத்துணியால் தேய்த்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் எட்டு ரிவெட்டைச் சுற்றியும் எட்டு கறுப்பு வட்டம், மை கொட்டினது போல.

மை கொட்டினது போல என்று சும்மா சொல்லவில்லை. அது மையேதான். கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை செய்தார்கள். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் முழுக்க அந்தத் துவர்ப்புதான். நான் அதற்கு இரும்பையும் ஈரத்தையும் கொடுத்து இரவு முழுக்க ஊற வைத்திருக்கிறேன். துடைத்தாலும் போகாது, சுரண்டினாலும் போகாது.

அழுகை வந்துவிட்டது. அந்தப் பட்டைக்கு நாலு நாள் உழைப்பு.

அப்பா மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு மண் கலயத்தை எடுத்து வந்தார். துருப்பிடித்த ஆணிகளும் வெல்லத் தண்ணீரும் போட்டு மாதக்கணக்கில் புளிக்க விட்டது. சின்ன வயதில் அதை மருந்து என்று நினைத்திருந்தேன். செருப்பு வாரைக் கறுப்பாக்க அவர் சாயமே வாங்கியதில்லை, இதுதான். "கறுப்பு பாதியில நின்னாத்தான் கறை. முழுசா ஏத்திட்டா நெறம்" என்றார்.

ரிவெட்டைப் பிடுங்கி, உள்பக்கத்து ஆட்டுத் தோலில் படாமல், மேல்தோலுக்கு மட்டும் துணியால் தொட்டுத் தொட்டுத் தடவினோம். தடவத் தடவக் கண்முன்னே பழுப்பு நீலமாகி, நீலம் கறுப்பானது. மேலே பூசிய சாயம் இல்லை இது, தோலுக்குள்ளேயே பிறந்த கறுப்பு. பிறகு ஆப்பசோடாத் தண்ணீரால் துடைத்துப் புளிப்பை எடுத்தோம், இல்லையென்றால் தோல் நாளடைவில் மொறுமொறுத்துப் போகும். காய்ந்ததும் விளக்கெண்ணெயில் தேன்மெழுகு உருக்கித் தேய்த்தோம். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஜனவரி 5, 2025

பை வாங்க வந்த ஒரு அக்கா கேட்டார்: "இது மாசே இல்லாத தோல்தானே?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் பை விற்றிருக்கும்.

உண்மையைச் சொன்னேன். குரோமியம் போட்டுப் பதனிடும் தோல் ஒரே நாளில்கூட முடிந்துவிடும், பட்டைத் தோலுக்கு வாரக்கணக்கில் ஆகும். பட்டையில் குரோமியம் இல்லை, அது வரைக்கும் நல்லது. ஆனால் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. ஊற வைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். பட்டையானாலும் குரோமியம் ஆனாலும் உப்பு ஒன்றுதான், அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது சுலபமில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதில் உப்புக்கும் பங்கு உண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது அந்த மண்ணுக்காகத்தான். தோலை நேசிக்கிறேன் என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனசில்லை. வீணாக்காமல் வெட்டுவதும், இருபது வருடம் உழைக்கிற மாதிரி தைப்பதும்தான் என் கையில் இருக்கிறது. அக்கா யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

ஜனவரி 9

ஐந்தாவது பட்டை. ஓரம் தேய்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஈரம் தொட்டு, புளியங்கொட்டைப் பசை தடவி, மரக்கட்டையால் சூடேறும்வரை தேய்த்தால் இரண்டு அடுக்கும் ஒன்றாகிக் கண்ணாடி மாதிரி மின்னும். குரோம் தோலில் எவ்வளவு தேய்த்தாலும் இது வராது.

ஜனவரி 12

ஆறும் தயார். மாட்டுக்காரர் வந்து ஒவ்வொன்றையும் கயிற்றோடு வைத்துச் சரிபார்த்தார். கறுப்புப் பட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளையனுக்கு" என்றார். போன வருஷம் சாயம் ஒட்டிய அதே மாடு. ஒட்டாது என்று தெரிந்தும் எனக்குப் பக்கென்றது. நனைத்த வெள்ளைத் துணியால் அவர் எதிரிலேயே இன்னொரு தடவை தேய்த்துக் காட்டினேன்.

ஜனவரி 16

காணும் பொங்கல். சூரியூர் போனோம். தொழுவத்தில் வெள்ளையன் நின்றிருந்தான், கொம்பில் நேற்றுப் பூசிய வர்ணம், கழுத்தில் நம் பட்டை. நேற்று முழுக்க வெயிலிலும் வேர்வையிலும் இருந்திருக்கிறது. பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. மாட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, அப்பா பட்டைக்கு அடியில் இரண்டு விரல்களை நுழைத்துக் கழுத்தைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு என் விரல்களையும் நுழைக்கச் சொன்னார். சூடு, ஈரம், அடியில் முடி படிந்து வழவழவென்று இருந்தது. கையை எடுத்துப் பார்த்தேன். வேர்வை மட்டும்தான்.

தோல் கொஞ்சம் இளகியிருந்ததால் பக்கிளை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டோம். கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவர் மாட்டுக்கு இன்னும் இரண்டு அங்குலம் அகலமாக வேண்டுமாம். அப்படியென்றால் இன்னும் கனமான முதுகுத் தோல் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை செம்பட்டு.