மெதுவா வாங்க சார்

"ஏசியை ஆஃப் பண்ணிட்டு மெதுவா வாங்க சார், பார்த்துக்கலாம்."

போனில் நான் சொன்னது இவ்வளவுதான். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்டலூரிலிருந்து தாம்பரம் வரை ஜிஎஸ்டி ரோடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. சார் என் கஸ்டமர். காரில் அவருடன் அவர் மனைவியும் பேத்தியும் இருந்தார்கள். டெம்பரேச்சர் முள் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது என்றார். குரலில் பதற்றம் இல்லை. என் மெக்கானிக் ஷெட்டுக்கு அன்று லீவு; நான் என் பைக்குக்கு செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள் என்றும் சொன்னேன். அதைச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள் என்று சொன்னேனா என்பது ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வான். ஏசி கம்ப்ரஸர் இன்ஜினுக்குக் கூடுதல் சுமை. கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகிற காற்றையே சூடாக்கி அனுப்புகிறது. சூடு ஏறினால் ஏசியை நிறுத்து. நான் தொழில் பழகிய இடத்தில் பதினாறு வயதில் காதில் விழுந்த பாடம் அது. பத்துக்கு ஒன்பது வண்டிக்கு அது சரிதான்.

சாருடைய வண்டி அந்தப் பத்தாவது வண்டி.

அதில் ஒரே ஃபேன். அதைச் சுற்றவைக்க இரண்டு வழி. ஏசி கம்ப்ரஸர் ஓடினால் ஃபேன் ஓடும். இல்லையென்றால், ரேடியேட்டரின் அடியில் இருக்கிற தெர்மோ சுவிட்ச் 95 டிகிரி வாக்கில் கனெக்ஷன் கொடுத்து ஓட்டும். ஹைவேயில் 80-ல் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் இல்லாவிட்டாலும் முள் அசையாது. ஊர்ந்து போகும்போது அந்த ஃபேன்தான் எல்லாம். சார் வண்டியில் தெர்மோ சுவிட்ச் செத்துப்போயிருந்தது. அதனால் ஏசி ஓடுகிறவரை, கம்ப்ரஸர் கட் ஆகி மறுபடி பிடிக்கிறபோதெல்லாம், ஃபேனும் விட்டு விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. முள் பாதியைத் தாண்டியதோடு நின்றது அந்தப் புண்ணியத்தில்தான். அதையும் நிறுத்தச் சொன்னவன் நான். அதோடு "மெதுவா வாங்க" வேறு. மெதுவாகப் போவதுதானே அந்த வண்டிக்கு வியாதி!

இது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பு சார் வந்து, "சிக்னல்ல நின்னா முள் ஏறுது தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை விட்டுப்போனார். ரேடியேட்டரை ஃப்ளஷ் செய்தேன். துருத் தண்ணீர் வந்தது, வந்ததும் காரணம் கிடைத்துவிட்ட திருப்தி. புதுக் கூலன்ட் ஊற்றி, அரை மணி நேரம் நெரிசலிலேயே ஓட்டிப் பார்த்தேன். முள் நகரவில்லை. அந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு ஓட்டினேன், பின்னே எப்படி நகரும்? சார் தனியாகப் போனால் மைலேஜுக்காக ஏசி போடவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்தும் யோசிக்கவில்லை. என் உதவிப் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவனும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு வாரம் அவன்மேல் எரிந்து விழுந்தேன். என்ன நியாயமோ.

சார் குரோம்பேட்டைக்கு வந்து சேரும்போது மணி ஒன்பது. பானட்டைத் திறந்தால் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் கொதித்து வழிந்திருந்தது, இனிப்பும் கருகலுமாக அந்த வாசனை. ஃபேன் நின்றிருந்தது. தெர்மோ சுவிட்ச் சாக்கெட்டைக் கழற்றி இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். உர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. ஐந்து நிமிட வேலை. சுவிட்ச் 450 ரூபாய்.

சுவிட்சோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். காலையில் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினேன். ரேடியேட்டர் வாயில் சோடா மாதிரி குமிழ், நிற்கவே இல்லை. சிலிண்டர் புகை கூலன்ட்டுக்குள் கசிகிறது என்று அர்த்தம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கினோம். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற கேஸ்கட், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கருகியிருந்தது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தால், இடைவெளி 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாத இடத்தில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் 0.15 தகடு தாராளமாக உள்ளே போனது. அலுமினிய ஹெட், ஒரு தடவை சுட்டால் வளைந்துவிடும். லேத்துக்கு அனுப்பி, ஹெட்டைச் சமமாகச் சீவுகிற பிளேனிங் போட்டு, கேஸ்கட், போல்ட், ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்து 14,200 ஆனது.

கேஸ்கட் அதற்கு முன்னாடியே போயிருக்கலாம். ஒரு மாதமாக சிக்னல் சிக்னலாக முள் ஏறியிறங்கிய வண்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கலாம். சார் மட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஏன் ஓட்டினார்? படித்தவர், வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். இப்படி நினைக்கும்போது ஒரு நிமிடம் நிம்மதியாக இருக்கும். அப்புறம் அவர் ஷெட்டில் சேரில் உட்கார்ந்து சொன்னது ஞாபகம் வரும்.

"நீங்க சொன்னபடியே செஞ்சேன் தம்பி. பேத்தி வேர்த்து அழுதா. அப்பக்கூட ஏசியைப் போடல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. லேபரில் 1,500 குறைத்துக்கொண்டேன். அவர் அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் ஒரு பை பங்கனப்பள்ளி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சொல்லியிருந்தால் வேறு ஷெட்டுக்குப் போயிருப்பாரா என்று கேட்டால், போயிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. பிறகு எதற்குச் சொல்லவில்லை என்பது எனக்கே பிடிபடவில்லை. இப்போது யார் போன் செய்து சூடு ஏறுகிறது என்றாலும், முதலில் ஃபேன் சத்தம் கேட்கிறதா என்று கேட்கிறேன், ஓரம் கட்டச் சொல்கிறேன். சார் ஒருவரிடம்தான் பாக்கி.

போன மாதம் சர்வீஸ் முடிந்து அவரோடு ஒரு ரவுண்டு போனேன். பல்லாவரம் சிக்னலில் நின்றதும், பேச்சை நிறுத்தாமலே கை நீட்டி ஏசியை அணைத்தார்.

"நீங்க சொன்னதிலிருந்து இது பழகிடுச்சு தம்பி."

கொஞ்ச நேரம் கழித்து முன்னால் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சிக்னலில் இன்னும் 70 நொடி இருந்தது. நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.