ஏழு பேர் இருந்த வீடு

2025 ஜனவரி 25. பர்மாவின் யாங்கோன் விமான நிலையத்தில் அம்மாவின் பெட்டியை எடை போட்டபோது இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. திறந்து பார்த்தால், சேலைகளுக்கு நடுவே துண்டில் சுற்றிய தனக்கா உரசும் கல். தனக்கா என்பது இங்கே சந்தனம் மாதிரி உரசி முகத்தில் பூசும் கட்டை. தண்ணீர் வடிய ஓரத்தில் பள்ளம் வெட்டிய, வட்டமான கல். கூடவே ஷ்வேபோ ஊர்த் தனக்காக் கட்டை இரண்டு. “கல்லை விட்டுட்டுப் போகலாம்மா, அங்கே ஏதாவது கல் கிடைக்கும்” என்றேன். அம்மா பதில் பேசாமல் தன் சேலைகளில் நான்கை எடுத்து, வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். கல் எங்களோடு சென்னைக்கு வந்தது.

அம்மாவுக்கு 76 வயது, பெரியம்மாவுக்கு 81. 1964-ல் பிரிந்தவர்கள். அந்த வருஷம் மார்ச்சில் ராணுவ ஆட்சியாளர் நே வின் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. தாத்தாவின் மளிகைக் கடை மார்ச்சில் போயிற்று, பெட்டியில் இருந்த பணம் மே மாதத்தில் போயிற்று. பெரியம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். புகுந்த வீட்டாரோடு கப்பலேறிவிட்டார். பாட்டி படுத்த படுக்கையாக இருந்ததால் தாத்தாவால் கிளம்ப முடியவில்லை. அம்மாவுக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு இந்த 61 வருஷத்தில் அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு முறை, 1998-ல் பெரியம்மா இங்கே வந்தபோது.

பாங்காக்கில் விமானம் மாறி, நள்ளிரவு தாண்டி வியாசர்பாடி போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. “ஞீமலே” என்று கூப்பிட்டார் பெரியம்மா. பர்மிய மொழியில் சின்னத் தங்கை. அவ்வளவுதான், இரண்டு பேரும் பர்மிய மொழியில் பேச ஆரம்பித்தவர்கள் விடியும்வரை நிறுத்தவில்லை. பெரியம்மாவின் மருமகள் என்னைப் பார்த்தார். “அத்தை இப்படிப் பேசி நாங்க கேட்டதே இல்லையே” என்றார். எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. பெரியம்மாவின் பர்மிய மொழி இப்போது யாரும் பேசாத பேச்சு. எங்கள் தெருவில் இன்று யாரும் சொல்லாத சொற்களை, மார்க்கெட்டில் நேற்றுத்தான் பேசியதுபோலச் சொன்னார். போனபோது என்ன பேசினாரோ அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் கல் வெளியே வந்தது. பெரியம்மா கட்டையை உரசி, இரண்டு விரலால் எடுத்து, முதலில் அம்மாவின் கன்னத்தில்தான் பூசினார். 76 வயதுக் கன்னம். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான்கு சேலையைக் கொடுத்துவிட்டு ஏன் அந்தக் கல்லைச் சுமந்து வந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பாரிமுனைப் பக்கம், பர்மா பஜாருக்கு எதிரே, இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோக் கடைகள் இருக்கின்றன. இங்கிருந்து போனவர்கள் தொடங்கியவை. அத்தோ என்பது நம் பர்மிய அதோக்தான், பிசைந்தது என்று அர்த்தம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இங்கே வாழைத்தண்டு போட்டு நூடுல்ஸ் மேல் ஊற்றும் குழம்பான மொகிங்காவில் மீன் இல்லாவிட்டால் அது மொகிங்காவே இல்லை, அங்கே அது சூப்பாக மாறியிருக்கிறது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “மீன்சாறு இல்லை, இறால் பொடி இல்லை, இது அத்தோ இல்லைக்கா” என்றாள். பெரியம்மா தட்டைப் பார்த்தபடி, “அதுவும் வந்து அறுபது வருஷம் ஆச்சுல்ல, மாறாம இருக்குமா?” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக கிராமத்துக்கும் போனோம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். தைப்பூசம் முடிந்து பிப்ரவரி 16-ஆம் தேதி திரும்பினோம். கல் பெரியம்மாவிடமே இருந்துவிட்டது.

நாற்பதே நாள். மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மதியம் 12:50. நான் தையல் மிஷினில் இருந்தேன். பகலில் எங்கள் தெருவில் கரண்ட் இருக்கும் நேரத்தை நம்பித் துணி வாங்க முடியாது என்பதால் போன வருஷமே மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெடல் போட்டுக்கொண்டேன். காலை எடுத்த பிறகும் மிஷின் ஆடியது. சாமி விளக்கின் சங்கிலி ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. யாங்கோனில் எங்களுக்கு அவ்வளவுதான். தெருவில் இறங்கி நின்றபோது யாரோ மாண்டலே என்றார்கள். என் தம்பி குடும்பத்தோடு மாண்டலேயில் இருக்கிறான்.

இரண்டு நாள் போன் போகவில்லை. அந்த இரண்டு நாளை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை தம்பியே கூப்பிட்டான். நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். வீட்டின் பின்சுவர் விழுந்திருந்தது. 7.7 அளவு நிலநடுக்கம், சகாயிங் நிலப்பிளவுக்குப் பக்கத்திலேயே ஊர். 1934-ல் கட்டிய பழைய சகாயிங் பாலம் ஆற்றில் விழுந்துகிடக்கிறது என்றான். அன்று ரமலான் மாதத்துக் கடைசி வெள்ளி. தம்பியின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் தொழுகைக்குப் போனவர், திரும்பவில்லை. இதைச் சொல்லும்போதுதான் தம்பி உடைந்தான். பத்து இரவு தெருவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். பதினோராம் நாள் பஸ் கிடைத்தது. நெடுஞ்சாலை பல இடங்களில் வெடித்திருந்ததால் சுற்றிச் சுற்றி, ஒரு பகல் ஒரு இரவு ஓடி வந்து சேர்ந்தார்கள். தம்பி பெண்டாட்டி கையில் ஒரு சோற்றுப்பானை மட்டும் இருந்தது. மற்றவற்றை எடுக்க வீட்டுக்குள் போகப் பயம் என்றாள்.

மூன்று பேர் இருந்த இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா அந்த வருஷம் தெருவில் சத்தமில்லாமல் போயிற்று. அதன் நடுவிலேயே வரும் நம் சித்திரை முதல் நாளுக்கு அம்மா பாயசம் மட்டும் வைத்தாள்.

மோட்டார் ஓடினால்தான் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறும், கரண்ட் இருந்தால்தான் மோட்டார் ஓடும். சில நாள் இரவு ஒரு மணிக்குத்தான் வரும். வந்ததும் தெரு முழுக்க “மீ லாபீ!” என்று ஒரு கத்தல், வெளிச்சம் வந்துவிட்டது என்று. உடனே எல்லோரும் எழுந்துவிடுவோம். என் வீட்டுக்காரர் டிரம் நிரப்புவார், நான் சோறு வடிப்பேன், தம்பி பெண்டாட்டி துணியை அலசுவாள், பிள்ளைகள் போன்களையெல்லாம் சார்ஜில் போடுவார்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு எட்டு. முதல் மாதம் சின்னவன் லாரி போகும் சத்தத்துக்கே மேஜைக்குக் கீழே போய்விடுவான். அம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவனோடு மேஜைக்குக் கீழே போய் உட்காருவாள். வெளியே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், பர்மியப் பாடம். வீட்டில்தான் தமிழ்ப் பெயர். அம்மா மோல்மீன் பக்கம் முடோனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அறுபதுகளில் அந்தப் பள்ளிக்கூடம் இல்லாமல் போனபோதும் அவளுக்கு எழுத்து மறக்கவில்லை. கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆனா ஆவன்னா தொடங்கினாள். என் தையல் சாக்கட்டிதான் பலப்பம், கறுப்புத் துணிதான் பலகை. எழுதி முடித்ததும் உதறிவிட்டு மறுபடியும் எழுதலாம். பெரியவள் ஆகஸ்டில் காளி கோயில் வாசலில் நின்று அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளை மறுபடி படிக்கச் சொன்னாள், மனப்பாடமாக.

தம்பி மே மாதமே திரும்பிப் போய்ச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். ஜூனில் பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அக்டோபர் 20 தீபாவளிக்குத் தம்பி வந்தான். ஏழு பேரும் ஒன்றாக எண்ணெய் வைத்துக் குளித்தோம், டிரம் தண்ணீரை அளந்து. அடுத்த வாரம் நான்கு பேரும் கிளம்பினார்கள். பஸ்ஸில் சின்னவன் என் கையை விடவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக அம்மாவோடு மோல்மீன் போனேன். பெகு, தட்டோன் தாண்டி சல்வீன் ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் அம்மா, “2005-ல்தான் இந்தப் பாலம். எங்க காலத்துல மொட்டமாவுல இறங்கிப் படகு” என்றாள். முடோனில் அவள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தைத் தேடினோம். ஒரு புளியமரத்தைக் காட்டி இதுதான் என்றாள், பிறகு இல்லை என்றாள், பிறகு இதுதான் என்றாள்.

போன வாரம் சென்னையிலிருந்து வந்த ஒருவரிடம் பெரியம்மா இரண்டு தினசரி காலண்டர் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்றை மாண்டலேக்கு அனுப்பினோம். நேற்று ராத்திரி பெரியவள் போன் செய்தாள். காலண்டரைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “அப்பாயி, லாவுக்கும் மிக்கும் நடுவுல ஒரு எழுத்து இருக்கு. அது நீங்க சொல்லித்தரவே இல்லை” என்றாள். லக்ஷ்மி படம் போட்ட காலண்டர்.

“அது க்ஷ. விளக்கை அணைச்சிட்டுப் படு. லீவுக்கு வா, சொல்லித்தரேன்” என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அம்மா சாக்கட்டி எங்கே என்று கேட்டாள். கறுப்புத் துணியை எடுத்து விரித்து, அந்த எழுத்தைத் தானே ஒருமுறை எழுதிப் பார்த்தாள்.